பசிக்காரர்

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஊரில் யாருக்கும் நினைவில்லை. பசிக்காரர் என்றால்தான் தெரியும். மருத்துவமனை வாசலில் வண்டி நிறுத்துகிறவர்களுக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுக்கும் அந்த ஒல்லி மனிதரை முதல்முறை பார்க்கிறவர்கள், இவருக்கா இந்தப் பெயர் என்று சிரிப்பார்கள். கொடுத்தால் சாப்பிடுவார், கொடுக்காவிட்டால் கேட்க மாட்டார். ஒரு பன்னை இரண்டு வேளைக்கு வைத்துக்கொள்ளும் ஆள். ஆனால் ஊர் ஒரு பெயரை ஒட்டிவிட்டால் அதைச் சுரண்டி எடுக்க ஆயுசு போதாது.

பெயர் வந்த கதையை யாரைக் கேட்டாலும் மூச்சுவிடாமல் சொல்வார்கள். ஊருக்கு வெளியே ஒரு கண்ணாடி பாட்டில் தொழிற்சாலை இருந்தது. பாதி ஊருக்கு அதுதான் சாப்பாடு போட்டது. ஒரு வேலைநிறுத்தத்தின்போது, உலையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய ஆள் பசி பொறுக்காமல் வெளியே வந்து சாப்பிட உட்கார்ந்துவிட்டார். உலை ஆறிப்போயிற்று. தொழிற்சாலையும் அத்தோடு சரி. இவ்வளவுதான் கதை. பாதி ஊரின் பிழைப்பு போனதற்கு ஒரு மனிதனின் வயிறுதான் காரணம் என்றால் சொல்லவும் சுலபம், திட்டவும் சுலபம். அதற்கு மேல் யாரும் விசாரிக்கவில்லை.

நடந்தது வேறு.

கண்ணாடி உலை என்பது வீட்டு அடுப்பு இல்லை, வேண்டும்போது மூட்டி வேண்டாதபோது அணைப்பதற்கு. ஒருமுறை மூட்டினால் வருடக்கணக்கில் ராப்பகலாக எரிய வேண்டும். உள்ளே தேன்போல உருகி நிற்கும் கண்ணாடி, சூடு இறங்கினால் இறுகிவிடும். இறுகும்போது உலையின் கல்லையும் சேர்த்துப் பிளந்துவிடும். பிறகு மொத்தத்தையும் உடைத்துக் கொட்ட வேண்டியதுதான்.

அதனால் அங்கே எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. எப்பேர்ப்பட்ட வேலைநிறுத்தமானாலும் உலைக்கு மூன்று பேர் உள்ளே போவார்கள். அடையாளத்துக்குக் கையில் வெள்ளைத் துணி கட்டியிருப்பார்கள். வாசலில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பவர்களே கத்துவதை நிறுத்தி, வழிவிட்டு, முதுகில் தட்டி அனுப்புவார்கள். முதலாளியும் அந்த மூவரிடம் வேறொரு வேலை வாங்க மாட்டார். சண்டை வேறு, உலை வேறு என்பதில் இரண்டு பக்கத்துக்கும் சந்தேகமே இருந்ததில்லை.

அந்த மூவரில் மூத்தவர் நம் ஆள். சின்ன வயதில் உலைக்கூடத்தில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தவர், சுடரின் நிறத்தைப் பார்த்தே எண்ணெயைக் கூட்டிக் குறைக்கிற இடத்துக்கு வந்துவிட்டார். உலையைப் பற்றிப் பேசும்போது வீட்டில் சமைந்த பெண் இருப்பதைப் போலப் பொறுப்பாகப் பேசுவார் என்று கூட இருந்தவர்கள் கிண்டல் செய்வார்கள். அவர் மனைவியின் அண்ணன்தான் சங்கத்தின் தலைவர். அப்பா அம்மா சீக்கிரமே போய்விட, தங்கையைத் தூக்கி வளர்த்து, நல்ல பையன் என்று இவருக்குக் கட்டிவைத்தவர். மாப்பிள்ளை, மச்சான் என்று இருவரும் ஒரே சைக்கிளில் வேலைக்குப் போன காலமும் உண்டு.

கடைசி வேலைநிறுத்தம் இழுத்துக்கொண்டே போனது. முதலாளி பேச்சுவார்த்தைக்கே வரவில்லை. ஒரு மத்தியானம், கூட்டம் சாப்பிடக் கலைந்திருந்த நேரத்தில், தலைவர் வாசலில் நின்று உலைக்காரர்கள் மூவரையும் வெளியே கூப்பிட்டார். கேரியரில் சாப்பாடு கொண்டுவந்த தங்கையும் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

"கொஞ்ச நேரம் வெளிய இருங்க. உலைய விட்டுட்டோம்னு தெரிஞ்சா போதும், சாயங்காலத்துக்குள்ள அலறி அடிச்சுக்கிட்டு ஓடி வருவான்" என்றார் தலைவர்.

நம் ஆள் வேண்டாம் என்றார். முடியாது என்று சொல்லத்தான் அவருக்கு வாய் வரவில்லை. சங்கத் தலைவர், மனைவிக்கு அப்பா ஸ்தானம், எல்லாம் ஒரே ஆளாக முன்னால் நின்றால் என்ன செய்வது? அவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைப் பார்த்துத் தலைவரே அவர் தோளை அழுத்தி மரத்தடியில் உட்கார வைத்தார். சாப்பாடு ஆறிப்போகுது, சாப்பிடுங்க மாப்பிள்ளை என்று கேரியரையும் திறந்து வைத்தார். அந்த நேரம் பார்த்து ஒரு பத்திரிகைக்காரர் படம் எடுத்துவிட்டார். முன்னால் வாய் நிறையச் சோற்றோடு ஒரு மனிதர், பின்னால் புகை அடங்கிவரும் புகைபோக்கி.

சாயங்காலம் முதலாளி ஓடி வரவில்லை. உள்ளே போகிறேன் என்று நம் ஆள் கெஞ்சினார். காலைவரை பொறு என்றார் தலைவர். காலையில் வாசலில் பூட்டும் போலீசும் இருந்தன. தொழிற்சாலையை எப்போது மூடலாம் என்று காத்துக்கொண்டிருந்த முதலாளி கையில் தலைவரே சாவியைக் கொடுத்த மாதிரி ஆயிற்று. சங்கம் எப்போதும் உலையை விடாது என்று முதலாளிக்குத் தெரியும், முதலாளி எப்போதும் உலையை விடமாட்டார் என்று தலைவருக்குத் தெரியும். இரண்டு பேருக்கும் எல்லாம் தெரிந்திருந்ததால் உலை போயிற்று.

பிறகு வழக்கு வந்தது. சங்கமே ஆட்களை வெளியே கூப்பிட்டது என்று நிரூபணமானால் யாருக்கும் இழப்பீடு கிடைக்காது என்றார் வக்கீல். அன்று தலைவர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார். நீங்களாக வந்ததாக இருக்கட்டும், வழக்கு முடிந்ததும் மேடை போட்டு ஊரறியச் சொல்கிறேன் என்றார். இத்தனை குடும்பத்துக்காக என்றதும் நம் ஆள் சரி என்றுவிட்டார்.

வழக்கு ஆமை வேகத்தில் நடந்து ஒருவழியாக முடிந்தது. அதற்குள் தலைவர் நகராட்சித் தேர்தலில் நின்றிருந்தார். ஜெயித்த பிறகு சொல்கிறேன் என்றார். ஜெயித்தார். பதவியில் இருந்துகொண்டு எப்படி என்றார். பதவி போயிற்று. தோற்ற நேரத்தில் சொன்னால் மரியாதையாக இருக்குமா என்றார். அப்புறம் நெஞ்சு வலி. உடம்பு தேறட்டும் என்றார். மற்ற இரண்டு உலைக்காரர்களில் ஒருவர் செத்துப்போனார், ஒருவர் எங்கேயோ போய்விட்டார். நம் ஆள் வேலை கேட்டுப் போன பேக்கரியில், எங்க அடுப்பையும் அணைச்சிட்டுச் சாப்பிடப் போயிடுவீங்களே என்று சிரித்து அனுப்பினார்கள். நெருப்புப் பக்கமே யாரும் விடவில்லை. கடைசியில் வண்டிச் சீட்டுதான் கிடைத்தது.

இதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். அவர் மகன் அவரோடு பேசுவதில்லை.

பள்ளிக்கூடத்தில் பசிக்காரன் மகன் என்று கூப்பிட்டே அவனை ஓட ஓட விரட்டியிருந்தார்கள். அப்பா வேலையை இழந்த பையன்களோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்தவன் அவன். தூரத்து நகரம் ஒன்றில் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலைக்குப் போனான், அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டான். கல்யாணத்துக்குத் தாய்மாமனைக் கூப்பிட்டான், அப்பாவைக் கூப்பிடவில்லை. ஃபோனில் இவர் குரல் கேட்டால் அம்மாகிட்ட குடுங்க என்பான். ஒருமுறை இவர் மனசு கேட்காமல் நடந்ததைச் சொல்லப் பார்த்தார். அவன் பாதியிலேயே நிறுத்தினான். செஞ்சதும் இல்லாம மாமா மேலயே பழி போடறீங்களா, மாமா அவர் வாயால சொல்லட்டும், அன்னைக்கு நம்பறேன் என்றான். அவனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து பள்ளிக்கூடமும் போக ஆரம்பித்துவிட்டது. இவர் அந்தப் பேத்தியை மனைவியின் ஃபோனில்தான் பார்த்திருக்கிறார்.

அப்படியிருக்கும்போதுதான், இணையச் சேனல் ஒன்றிலிருந்து தலைவரைப் பேட்டி எடுக்க வருகிறார்கள் என்று செய்தி வந்தது. தலைவரே ஃபோன் செய்தார். நீங்களும் தங்கச்சியும் வந்துடுங்க மாப்பிள்ளை, இன்னைக்குச் சொல்லிடறேன், இனிமே எனக்கென்ன பயம் என்றார். அவர் அப்போது உண்மையாகத்தான் சொன்னார் என்றே நினைக்கிறேன். அவர் எப்போதுமே உண்மையாகத்தான் சொல்வார். செய்வதுதான் வராது.

நம் ஆள் லீவு போட்டார். துவைத்து மடித்து வைத்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் இரண்டு முறை நின்றார்.

தலைவர் வீட்டு முன்னறையில் சுவர் தெரியாத அளவுக்கு அவருடைய படங்கள். யாருக்கோ கை கொடுக்கிறார், எதையோ திறந்து வைக்கிறார், ஒலிபெருக்கி முன்னால் விரலை நீட்டுகிறார். அவருக்கு எதிரே பேட்டி எடுக்க வந்த பெண், மூலையில் கேமராவோடு ஒருவர். தலைவர் தலைக்குச் சாயம் அடித்திருந்தார், காதோரம் கொஞ்சம் வழிந்திருந்தது. நம் ஆள் சுவரோரம் ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மனைவி சமையலறையில் டீ போடப் போனாள்.

ஆரம்பத்தில் எல்லாம் சுகமாகப் போயிற்று. சங்கம் எப்படித் தொடங்கியது, முதல் போராட்டம் எது என்று அந்தப் பெண் கேட்கக் கேட்கத் தலைவர் பூரித்துப்போனார். அவள் அதே குரலில், தலையைக்கூட நிமிர்த்தாமல், உலைக்கு ஆள் போவதை நிறுத்தக் கூடாது என்ற வழக்கம் இருந்தும் அன்றைக்கு மூன்று பேரையும் வெளியே வரச் சொன்னது யார் என்று கேட்டாள்.

தலைவர் முதலில் அவளுக்கு என்ன வயது என்று கேட்டார். அப்போது பிறந்திருந்தாயா என்று கேட்டார். பிறக்கவில்லை என்றாள், கேள்வியை மறுபடி கேட்டாள். தலைவர் முதலாளித்துவத்தின் சூழ்ச்சி பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார். மூன்றாவது முறையும் அவள் அதையே கேட்டதும் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. கேன்டீனில் மின்விசிறி போட வைத்தது யார் தெரியுமா? பெண்கள் கழிவறைக்குக் கதவு போட வைத்தது யார்? கதவே இல்லாமல் இருந்தது, தெரியுமா? அதைப் பற்றி ஏன் ஒருத்தரும் கேட்பதில்லை? உன்னை யார் அனுப்பினார்கள் என்று எனக்குத் தெரியும், போன தேர்தலில் என்னைக் கவிழ்த்தவன்தானே என்று விரலை நீட்டினார். சுவரில் இருக்கும் படத்தில் நீட்டுவது போலவே இருந்தது. அவள் விடவில்லை. முடிவு தவறு என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா என்றாள். தலைவர் சட்டையில் குத்தியிருந்த மைக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்தார். வாசல்வரை போனவர், கேமரா இன்னும் ஓடுகிறதா என்று திரும்பிப் பார்த்தார். ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற கேமராவை விட்டுப் போகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. திரும்பி வந்து உட்கார்ந்து, மைக்கைத் தானே குத்திக்கொண்டார்.

அவள் அந்தப் பழைய பத்திரிகைப் படத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். வாய் நிறையச் சோற்றோடு ஒரு மனிதர்.

தலைவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவரோரம் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையைப் பார்த்தார். முகம் தளர்ந்தது, குரல் இறங்கியது.

"சொல்லிடறேன்மா. இத்தனை வருஷமா நெஞ்சுல போட்டுப் பூட்டி வச்சிருந்தது."

நம் ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தார். மகன் முகம்தான் கண் முன்னால் வந்தது. இதோ, இதோ என்று மனசு அடித்துக்கொண்டது.

"இந்தப் படத்துல இருக்கறது வேற யாருமில்ல. என் தங்கச்சி புருஷன். இதோ உக்காந்திருக்காரே, இவருதான். அன்னைக்கு இவரச் சங்கத்த விட்டு நீக்கணும், ஊர விட்டே அனுப்பணும்னு எல்லாரும் ஒத்தக் கால்ல நின்னாங்க. நான்தான் விடல. சொந்தக்காரனக் காப்பாத்தறான்னு என் மூஞ்சிக்கு நேராவே சொன்னாங்க. அந்தக் கெட்ட பேரத்தான் இன்னும் சுமந்துக்கிட்டு இருக்கேன். பசிம்மா. மனுசனுக்குப் பசி வரக்கூடாதா? நான் அவர மன்னிச்சு எத்தனையோ நாளாச்சு."

சொல்லி முடிக்கும்போது தலைவர் கண்ணில் தண்ணீர் நின்றது. நடிப்பு என்று சொல்லிவிட்டால் எனக்கும் சுலபம். அவர் அதைச் சொல்லும்போதே நம்பியும் விட்டார், அதுதான் அவரிடம் இருந்த திறமை.

கேமரா சுவரோரம் திரும்பியது. நீங்க என்ன சொல்றீங்க ஐயா என்று அந்தப் பெண் கேட்டாள். அத்தனை வருடத்தில் அவரை அப்படி யாரும் கேட்டதில்லை. எழுந்து நின்று பதில் சொன்னார், பள்ளிக்கூடத்தில் நிற்பதுபோல.

"அவருதான் வெளிய வரச் சொன்னாரு. நான் வேணாம்னேன். சாப்பாடும் அவருதான் சாப்பிடச் சொன்னாரு."

தலைவர் கோபப்படவில்லை. வருத்தமாகச் சிரித்து, பாத்தீங்களா, இன்னும் மனசு ஆறல பாவம் என்றார். அதை வேறு யாராவது கேட்டார்களா என்று அந்தப் பெண் விசாரித்தாள். நம் ஆள் சமையலறை வாசலைக் காட்டினார். "என் சம்சாரம் பக்கத்துலதான் நின்னா. அவளுக்குத் தெரியும்."

மனைவி டீத்தட்டோடு நிலைப்படியில் நின்றிருந்தாள். கேமராவும் அவள் பக்கம் திரும்பியது. அவள் புருஷனைப் பார்க்கவில்லை. அண்ணனைத்தான் பார்த்தாள். தலைவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலியால் வைத்தாரா வேறெதற்கோ வைத்தாரா, அவருக்கே வெளிச்சம்.

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லம்மா" என்றாள். "டீ ஆறுது. எடுத்துக்குங்க."

பஸ்ஸில் இருவரும் ஒரே இருக்கையில்தான் வந்தார்கள். அவள் பாதி வழியில், என்னைத் தூக்கி வளத்தவர்ங்க, அந்த நெஞ்சு தாங்காது என்றாள். அவர் தெரியும் என்றார். அந்த நிமிஷம் அவளை வெறுத்தார். வெறுத்துக்கொண்டே, வண்டி குலுங்கியபோது அவள் விழாமல் இருக்கக் கையைக் குறுக்கே நீட்டினார். பழக்கம்.

பேட்டி சீக்கிரமே வெளியானது. அந்தப் பெண் நேர்மையானவள், எதையும் வெட்டவில்லை. தலைவர் மைக்கைப் பிடுங்கியதும் இருந்தது, இவர் சொன்னதும் இருந்தது, அதை அடுத்து மனைவி சொன்னதும் இருந்தது. வெட்டியிருந்தாலாவது சந்தேகத்துக்கு இடம் இருந்திருக்கும். வண்டி நிறுத்த வந்தவர்களில் ஒருவர் சீட்டை வாங்கிக்கொண்டு, கட்டின பொண்டாட்டியே சாட்சி சொல்லலையேப்பா என்று சிரித்தார். தலைவரைப் பற்றியோ, கோபக்காரர் ஆனாலும் தங்கமான மனசு என்று பேச்சு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவியின் ஃபோன் அடித்தது. அவள் எடுத்துப் பேசினாள். பிறகு ஃபோனைத் துடைத்து அவரிடம் நீட்டினாள். உங்களத்தான் கேக்கறான் என்றாள்.

"அப்பா, வீடியோ பாத்தேன்" என்றான் மகன். அவன் அப்பா என்று சொல்லிக் கேட்டு எத்தனை காலம் என்று இவருக்கு நினைவில்லை. ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மாமாவே இவ்வளவு பெருந்தன்மையா இருக்கும்போது நான் எந்த மூலைக்கு என்று அவன் தயங்கித் தயங்கிப் பேசினான். எனக்கும் ஒரு பொண்ணு ஆயிடுச்சு, தாத்தா எங்கன்னு கேக்கறா என்றான். அவன் குரல் உடைந்திருந்தது. நல்ல பையன்தான். அவனுக்குத் தெரிந்ததை வைத்து எவ்வளவு நல்லவனாக இருக்க முடியுமோ அவ்வளவு நல்லவனாக இருந்தான்.

"அடுத்த மாசம் பாப்பாவக் கூட்டிக்கிட்டு வரேன்பா. ஒண்ணே ஒண்ணு மட்டும். மாமா சொன்னாருங்கற பேச்ச இனிமே விட்டுடுங்க. அம்மாவே இல்லன்னுட்டாங்க. நான் சண்டை போட மாட்டேன். என்கிட்டயாவது ஒரு தடவ உண்மையச் சொல்லிடுங்க, போதும். ஏன்பா வெளிய வந்தீங்க?"

மனைவி பக்கத்திலேயே நின்றிருந்தாள். ஃபோனில் பேசுவது அவளுக்கும் கேட்டது. அவள் வாய் ஏதோ சொல்லத் திறந்தது போல இருந்தது. அவர் அவளைப் பார்த்துக்கொண்டே, கொஞ்ச நேரம் காத்திருந்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பசி தாங்கலப்பா" என்றார்.

அந்தப் பக்கம் மகன் மூச்சை விட்டது கேட்டது. பரவால்லப்பா, பரவால்ல, விடுங்க என்றான். பிறகு என்ன பேசுவது என்று தெரியாமல், எல்லாரும் எல்லாரையும் கேட்பதைக் கேட்டான். சாப்பிட்டீங்களா என்றான். அவர் சாப்பிட்டேன் என்றார். அன்று அவர் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை.